மால்குவின் காது

லாசால்
ஜனவரி 12, ஞாயிறு இரவு

இமெல்டா,

நான் உன்னோடு கதைக்கவில்லை. நவம்பரிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை, அது அப்படியே இருக்கட்டும். இது எழுத்து. எழுத்து வேறு.

ஃபோனில் அனுப்ப வழியில்லை. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், நானும் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதோடு ஒன்பது மணிக்கு அம்மா என் ஃபோனை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் வாசித்துவிட்டு, அரிசி வாளிக்கு மேலே வைத்துவிடுவார். தமிழில் கடதாசியில் எழுதினால் மட்டும் சந்தேகம் வராது. போன கிழமை தமிழ் வகுப்புக் கட்டுரை எழுதியபோது கேட்காமலே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஆனாலும் எனக்குப் பயம். அதனால் தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் தலையணையோடு இருந்து எழுதுகிறேன். கதவுக்குக் கீழே துவாய். மேலே காற்றாடி இரைகிறது. பன்னிரண்டரைக்கு அப்பா வேலையால் வருவார், அதற்கு முன் எழும்பிவிட வேண்டும்.

இன்று நீ பூசைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று உன் அம்மா சொன்னார். அதனால் நடந்தது உனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு வாசலில் வைக்கிற பெரிய மண்பானை, அருளப்பு அங்கிள் டொரொன்டோவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது, அதன் பின்பக்கத்தில் படம் கீறியது நான்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிய, பிள்ளைகள் யாராவது அதில் கரும்பும் சூரியனும் கீறுங்கோ என்று அக்னெஸ் ரீச்சர் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் முன்பக்கத்தில் கீறிவிட்டுப் போய்விட்டார்கள். நான் தனியாக நின்றேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சிவப்பு மண், கையில் கறுப்பு மை. மதாம் திபோவின் சித்திர வகுப்பில் படித்த கிரேக்கர் நினைவுக்கு வந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் ஏதென்ஸில் சாடிகளில் கறுப்பு உருவம் கீறியவர். பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு பேராசிரியர் நூற்றுக்கு மேற்பட்ட சாடிகளைப் பார்த்து, இவையெல்லாம் ஒரே கை என்று சொல்லி, அவருக்குப் பாவனை காட்டுகிறவர் என்ற கருத்தில் ஒரு பட்டம் வைத்தார். பெரிய உடம்பு, சின்னத் தலை, பூப்போட்ட சால்வை. எல்லோரும் கையை உயர்த்தி, ஏதோ பெரிய விஷயம் நடப்பதுபோல நிற்பார்கள். ஒன்றும் நடக்காது. ஒருவர் கையில் இடியைக் கொடுத்தால் கடவுள், ஈட்டியைக் கொடுத்தால் போர்வீரன். மற்றபடி எல்லோரும் ஒரே ஆள்தான்.

அதைப் படித்த நாளே எனக்கு எங்கள் பங்குச் சபைக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. உனக்கு வரவில்லையா?

கீறினேன். சபையாட்களை அந்த மாதிரியே கீறிவிட்டுப் பின்பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். இன்று பூசை முடிய யாரோ திருப்பிவிட்டார்கள்.

அருளப்பு அங்கிள்தான் முதலில் பார்த்தார். "இஞ்ச பாருங்கோ, எங்கட அக்னெஸ் ரீச்சர். அந்த விரலைப் பாருங்கோவன்."

அக்னெஸ் ரீச்சர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பிடி விரல் இல்லை. ஆனா இந்த ஃபோனைத் தூக்கிப் படம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஆரெண்டு தெரியேல்லையோ உமக்கு?" என்று அந்த விரலையே நீட்டிச் சொன்னார்.

எல்லோரும் மற்ற எல்லோரையும் கண்டுபிடித்தார்கள், தங்களைத் தவிர. உன் அப்பாதான் கனநேரம் சிரித்தார். "இந்தத் திறப்புக்கோர்வைக்காரன் ஆர்? நல்ல வயிறு." அவருடைய இடுப்பில் தொங்குகிற மண்டபத்துப் பூட்டுத் திறப்புகள் மட்டும் சத்தம் போட்டன. அவர் குனிந்து இடுப்பைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார்.

"ஆர் கீறினதெண்டு நான் கண்டுபிடிப்பன். அந்த வீட்டில இருந்து ஒருத்தரும் இந்த வருசம் கூத்து மேடையில ஏறேலாது. எழுதி வையுங்கோ ரீச்சர்."

ரீச்சர் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் உண்மையாகவே எழுதினார்.

உன் அப்பா சபைத் தலைவர் மட்டும் இல்லை, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் அவர்தான். யார் எந்த வேசம் என்று அவர்தான் சொல்கிறார். என் அப்பா ஒன்பது வருடம் ஈட்டி பிடித்த காவலனாக நின்றார். ஒன்பது வருடமும் ஒரே வசனம்: "உத்தரவு மன்னா." இந்த வருடம் அவர்தான் பார்வோன் மன்னன். ஏட்டைப் போட்டோப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குளிக்கும்போதும் பாடுகிறார். அந்த வேசம் கிடைத்த அன்று சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார், இமெல்டா. றெனோல்டை யாரும் இனிக் 'காவலன்' என்று கூப்பிடமாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

உனக்கு என் கை தெரியும். பார்த்த உடனே தெரிந்துவிடும். தயவுசெய்து சொல்லாதே.

இதைச் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் உன் இடது சப்பாத்துக்குள் வைப்பேன்.

மெலனி


இல்-பிசார்
ஜனவரி 21, செவ்வாய்

மதிப்புக்குரிய மெலனி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கால்விரலில் கிடைத்தது. கார் வரைக்கும் நடந்த பிறகுதான் ஏதோ இடறுகிறது என்று தெரிந்தது. பாதி எழுத்து என் காலுறையில் இருக்கிறது. அடுத்த முறை மடித்துப் பொலித்தீன் பைக்குள் போடவும்.

பயத்தில் நீ ஒரு சிறிய விஷயத்தை எழுத மறந்துவிட்டாய். நான் ஞாபகப்படுத்துகிறேன். மதாம் திபோ எங்களைச் சாடி செய்யச் சொன்னார். அதில் தாய்மொழியில் ஏதாவது எழுதச் சொன்னார். நான் 'அமைதி' என்று எழுதினேன். நீ? யூதிமிடீஸ் என்ற இன்னொரு கிரேக்கர் தன் சாடியில், 'யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் இப்படி முடியவில்லை' என்று போட்டியாளரைக் குத்தி எழுதியதாகப் படித்தோமே. நீ 'இமெல்டாவால் ஒருநாளும் இப்படி முடியாது' என்று எழுதினாய். தமிழ் தெரியாத மதாம், எழுத்து எவ்வளவு அழகு என்று சொல்லி, அதை அலுவலகத்துக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினொரு தமிழ்ப் பிள்ளைகள். பதினொரு பேரும் வாசித்தார்கள். மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தும் சொன்னார்கள். முப்பத்தொரு நாள், மெலனி. நான் எண்ணினேன்.

மார்கழியில் வீடு மாறி இங்கே வந்தபோது, அந்தப் பெட்டியை இனிப் பார்க்கத் தேவையில்லை என்ற ஒன்றுதான் சந்தோசம். மற்றபடி இங்கே பெரிய வீடு, பெரிய முற்றம், அதில் பெரிய பனி. பஸ் ஒன்று வரும் என்கிறார்கள். நான் இன்னும் அதைக் காணவில்லை.

இப்போது கெட்ட செய்தி. அந்த ஞாயிறு அப்பா வீட்டுக்கு வந்து, ஆர் கீறினதெண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சாப்பாட்டு மேசையில் புலம்பினார். அப்போது நான் பானையைப் பார்த்திருக்கவில்லை. உன் கடிதமும் வரவில்லை. காய்ச்சலும் இருந்தது. பெருமைக்குச் சொல்லிவிட்டேன்.

"முகத்தைப் பாக்காதேங்கோ அப்பா. முகத்தில எல்லாரும் கவனமா இருப்பினம். காது, கணுக்கால், விரல். கை தன்ரபாட்டில போற இடத்திலதான் ஆள் பிடிபடும். பேர் தெரியாத கிரேக்கரை அப்பிடித்தான் பிடிச்சவை."

"உதை எங்க படிச்சனி?"

"பள்ளிக்கூடத்தில."

"அப்ப பள்ளிக்கூடம் போறதிலயும் பிரயோசனம் இருக்கு."

அடுத்த நாள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தார். நத்தார் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகள் கீறிய வாழ்த்து மடல்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். ஆடு மாடுகளின் காதைக்கூட விடவில்லை.

போதாதென்று, வருகிற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் ஒரு படம் கீற வேண்டும். தவக்காலக் கண்காட்சிக்கு என்று சொல்வார்கள். நம்பாதே. தலைப்பு: பேதுரு தலைமைக் குருவின் வேலைக்காரன் மால்குவின் காதை வெட்டுதல். தலைப்பை அப்பாதான் தெரிவுசெய்தார்.

பானையைப் பொங்கலன்று பார்த்தேன். மூன்று செக்கன் போதும். அந்த முழங்கை. நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை என்று எழுதுகிறேன். நவம்பருக்கு ஒரு மன்னிப்பு, ஒழுங்கான தமிழில், எனக்கு வர வேண்டும்.

இமெல்டா


லாசால்
ஜனவரி 26, ஞாயிறு இரவு

இமெல்டா,

எச்சரித்ததற்கு நன்றி. இரவு முழுக்க யோசித்தேன். இடது கையால் கீறிப் பார்த்தேன், காது உருளைக்கிழங்கு மாதிரி வந்தது, ஆனால் உருளைக்கிழங்கும் என் உருளைக்கிழங்கு மாதிரியே இருந்தது. கடைசியில் ஒரு வழி பிடித்தேன்.

இன்று வகுப்பில் எல்லோருக்கும் குளிர்தொப்பி கீறிவிட்டேன். பேதுருவுக்கு, யூதாசுக்கு, படைவீரர்களுக்கு, ஆண்டவருக்கும். காதை மூடுகிற தொப்பி, கீழே கயிறு தொங்கும்.

அக்னெஸ் ரீச்சர் வந்து நின்றார். "மெலனி, இது என்ன?"

"தொப்பி ரீச்சர். இரவு நேரம். குளிர்."

"எருசலேமிலயோ?"

"யோவானில இருக்கு ரீச்சர். குளிரா இருந்தபடியா நெருப்பு மூட்டினவை எண்டு."

அவர் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தார். உண்மையாகவே இருந்தது. "சரி. அப்ப பேதுரு எதை வெட்டுறார்?"

"தொப்பியின்ர காதுமூடியை."

"ஆண்டவர் எதை ஒட்டினவர்?"

நான் யோசித்துவிட்டு, "அதையே தைச்சுக் குடுத்தவர்" என்றேன். ரீச்சர் வேதாகமத்தை மூடிவைத்தார். உன் அப்பா பூதக்கண்ணாடியோடு வந்து, என் தாளைத் தூக்கி, திருப்பிப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

வீட்டில் அப்பாவின் பாட்டு இப்போது பஞ்சக் காட்சிக்கு வந்திருக்கிறது. வேலையால் வந்து, நான் இருக்கிற இதே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, காற்றாடியைப் போட்டுவிட்டுப் பாடுவார். 'வெறும் பானை காணீரோ மந்திரியே, ஒரு மணியேனும் இல்லையே.' காற்றாடி போட்டால் கீழ்வீட்டுக்குக் கேட்காது என்று நினைக்கிறார். கீழ்வீட்டு மனிதர் என்னிடம், உன் அப்பா ஏன் தினமும் அழுகிறார், வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டார். அவர் மன்னர் என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

மன்னிப்பு. எழுதிவிட்டு மூன்று தரம் வெட்டினேன். நீ 'அமைதி' என்று எழுதியது எனக்கு எரிச்சலாக இருந்தது. உன் சாடி என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதற்கு மேல் 'அமைதி' என்றும் எழுதியிருந்தாய். முப்பத்தொரு நாள் வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் என்றாலும் பிழைதான். என்னை மன்னித்துக்கொள்.

மெலனி

பொலித்தீன் பைக்குள் போட்டிருக்கிறேன்.


இல்-பிசார்
பெப்ரவரி 3, திங்கள்

மெலனி,

உன் மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தாமதமாக. அது சப்பாத்துக்குள் வருவதற்கு முதல் நாளே வேறொன்று நடந்துவிட்டது.

அப்பாவின் வேலை அறையில், கணினிக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு படம் இருக்கிறது. லாசாலிலும் இருந்தது, நீ பார்த்திருக்கிறாய். இரண்டாம் வகுப்பில் நற்கருணை ஆயத்தத்தின்போது நான் கீறியது. அதே மால்கு. வெட்டின காது தனியாக நிலத்தில் கிடக்கும். அதற்குள் ஒரு முந்திரிக் கஜுக் கொட்டை மாதிரி வளைவு போட்டிருப்பேன். ஏன் என்று எனக்கே தெரியாது, அப்போது கஜு பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு அப்பா வாழ்த்து மடல்கள் எல்லாம் பார்த்துக் களைத்து, கதிரையில் சாய்ந்து, மேலே பார்த்திருக்கிறார். பிறகு பானையின் படத்தை ஃபோனில் பார்த்திருக்கிறார். பிறகு மேலே. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

பானையில் ஆறு பேர், மெலனி. கடைசியில் நிற்கிற ஈட்டிக்காரனுக்குத் தலைக்கவசம். மற்ற ஐந்து பேருக்கும் காதுக்குள் கஜு.

அந்தக் காது என்னுடையது. நீ இரண்டாம் வகுப்பில் பக்கத்தில் இருந்து பார்த்துக் கீறினாய். ஏழு வருடமாக அதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறாய். நான் மூன்றாம் வகுப்பிலேயே விட்டுவிட்டேன். இமெல்டாவால் ஒருநாளும் முடியாது என்று எழுதிய கை, அதே சாடியில் இமெல்டாவின் காதைத்தான் கீறியிருந்தது. இப்போது ஞாபகப்படுத்திப் பார்.

அப்பா கேட்டார்: "இது நீதானே?"

உன் பெயரைச் சொல்ல ஒரு செக்கன் போதும். வாய்வரைக்கும் வந்தது. அப்போது உன் அப்பா மண்டபத்தில் ஈட்டியைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டு, மன்னன் முடியைத் தலையில் வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. கண்ணாடி இல்லாததால் பெரிய சோற்றுப் பானையின் மூடியில் பார்த்தார். அதனால்தான். உனக்காக இல்லை.

"ஓம்" என்றேன்.

"காய்ச்சல் எண்டு படுத்தனியே?"

"சனிக்கிழமை காய்ச்சல் இல்லை."

அப்பா அங்கேயே தண்டனை சொன்னார். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மண்டபத்துப் பாத்திரம் கழுவுவது நான். ஃபோன் இல்லை. பிறகுதான் அவருக்கே விளங்கியது: 'அந்த வீட்டில இருந்து ஒருத்தரும் மேடையில ஏறேலாது.' கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அக்னெஸ் ரீச்சர் மை பேனையால் எழுதியிருக்கிறார். அண்ணாவியார் இந்த வருடம் மேடைக்குக் கீழே நின்று தாளம் போடப் போகிறார்.

இமெல்டா


லாசால்
பெப்ரவரி 9, ஞாயிறு இரவு

இமெல்டா,

உன் கடிதத்தைத் தொட்டிக்குள் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். நன்றி என்ற சொல் சின்னதாக இருக்கிறது. ஆனாலும் நன்றி.

இப்போது எழுதப் போவதை வாசித்தால் நீ என்னோடு திரும்பவும் கதைக்கமாட்டாய். இப்போதும் கதைப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்று மண்டபத்தில் எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். கோபம் எல்லாம் போய்விட்டது. ஃபாதர், எவ்வளவு உயிரான கை என்றார். அருளப்பு அங்கிள் தன் உருவத்தை மட்டும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். அக்னெஸ் ரீச்சர், "எங்கட இமெல்டாவுக்கு ஆண்டவர் குடுத்த வரம், ஆனா என்ர விரல் கொஞ்சம் நீட்டுப்பட்டுப் போச்சு" என்று எல்லோருக்கும் அந்த விரலைக் காட்டினார். நீ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

காரில் வரும்போது என் அப்பா சொன்னார்: "இமெல்டாவைப் பாரன், என்ன கை. நீயும் இருக்கிறாய், ஆண்டவருக்குத் தொப்பி கீறிக்கொண்டு."

அம்மா சொன்னார்: "அவளுக்குச் சித்திரம், எங்கட பிள்ளைக்குத் தமிழ். ஒவ்வொருத்தருக்கு ஒண்டு."

தம்பி றஜிந்தன் சிரித்தான். அவன் பின்சீற்றில் இருந்து தொப்பி, தொப்பி என்று லாசால் வரைக்கும் பாடினான்.

ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றுதான் ஒரு மாதமாக நடுங்கினேன். இப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த முழங்கைகள் என்னுடையவை, இமெல்டா. சால்வையில் பனித்துகள் பூ போட்டது நான். நீ பாத்திரம் கழுவுகிறாய், நான் பொறாமைப்படுகிறேன். நான் எவ்வளவு கெட்டவள் என்று யோசித்தேன், யோசித்துக்கொண்டே பொறாமைப்பட்டேன்.

காதைப் பற்றி நீ சொன்னது சரி. பழைய கொப்பிகள் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கஜு. இளவரசி, பேய், நத்தார் தாத்தா. நான் ஒருநாளும் ஒரு உண்மையான காதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. உன்னுடையதைப் பார்த்தேன், அதோடு நின்றுவிட்டேன்.

கூத்து மார்ச் 1. அது முடிந்த அடுத்த நாள் நானே உன் அப்பாவிடம் சொல்கிறேன். சத்தியம். அதுவரைக்கும் எனக்குத் துணிவில்லை.

மெலனி


இல்-பிசார்
பெப்ரவரி 17, திங்கள்

மெலனி,

நீ கெட்டவள் இல்லை. நீ அவசரக்காரி. அதுவும் குறைவில்லை.

ஃபாதர் என்னைப் புகழ்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறாய்? கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்று, வேறு ஒருத்தியின் முழங்கைக்கு நன்றி சொன்னேன். பாத்திரம் கழுவுவது பரவாயில்லை. அந்த நன்றிதான் கஷ்டம். நான் கீறியிருந்தால் அவ்வளவு துணிவாகக் கீறியிருக்கமாட்டேன். கரும்பைத்தான் கீறியிருப்பேன், மிகவும் அழகான கரும்பு.

அதனால் நேற்று ஒரு வேலை செய்தேன். பாத்திரம் கழுவி முடிய மண்டபத்தில் ஒருவரும் இல்லை. பானையைக் கவிழ்த்து, அடியில் வெள்ளைப் பெயின்ட் பேனையால் எழுதினேன். கிரேக்கர்கள் சிலர் இன்னார் செய்தார், இன்னார் கீறினார் என்று இரண்டு பெயரையும் எழுதுவார்கள் அல்லவா. அதே மாதிரி:

மெலனி கீறினாள். காது இமெல்டாவுடையது.

பானையின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் கிழவிகளான பிறகு ஒரு பேராசிரியர் கண்டுபிடிக்கட்டும். நீயும் தேவையில்லாமல் ஒன்றும் சொல்லாதே. பயந்துபோய் நீ சொல்லுகிற விதத்தில் அப்பா உன் அம்மாவையும் பாத்திரம் கழுவ விட்டுவிடுவார்.

இமெல்டா


லாசால்
பெப்ரவரி 22, சனி இரவு

இமெல்டா,

அழி. உடனே அழி.

உன் கடிதத்தை இன்று மத்தியானம் வாசித்தேன். பின்னேரம் அப்பா குசினியில் அம்மாவின் சோற்றுப் பானையை எடுத்துப் பஞ்சக் காட்சியை நடித்தார். 'வெறும் பானை காணீரோ மந்திரியே' என்று பாடி, பானையை இரண்டு கையாலும் தூக்கி, வாயைச் சனத்துக்குக் காட்டினார். வாய் சனத்துக்கு என்றால் அடி யாருக்கு? அடி அவருடைய முகத்துக்கு. மூக்கிலிருந்து ஒரு சாண்.

"உண்மையாவே பானையோ அப்பா? ஒத்திகையில வாளிதானே?" என்று கேட்டேன்.

"ஒத்திகைக்கு வாளி. உடைஞ்சிடும் எண்டு அண்ணாவியார் அருமைராசா அண்ணை தரேல்லை. மேடைக்கு இமெல்டா கீறின பானை. அதில பாடுறது ஒரு குடுப்பினை" என்றார்.

பத்து வருடத்துக்கு ஒரு தரம் கிடைத்த வேசம். நடுப்பாட்டில் அதை வாசித்தால் அவர் என்ன செய்வார்? அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. காவலன் வசனத்தையே உண்மையாகச் சொல்லுகிறவர்.

நாளைக்கு உன் சப்பாத்துக்குள் வைக்கிறேன். தயவுசெய்து.

மெலனி


மண்டபம்
மார்ச் 1, சனி காலை

மெ.,

நகப்பூச்சு அழிக்கிற தண்ணி, எலுமிச்சம்புளி, இரும்புத் தும்பு எல்லாம் கொண்டுவந்தேன். பானை உடுப்பு அறைக்குள். அறை பூட்டு. திறப்பு அப்பாவின் இடுப்பில். நீயே கீறியிருக்கிறாயே, அந்தத் திறப்புக்கோர்வையை.

செபி.

இ.


லாசால்
மார்ச் 2, ஞாயிறு இரவு

இமெல்டா,

நீ குசினியில் பாத்திரத்தோடு நின்றதால் கைதட்டல் மட்டும் கேட்டிருக்கும். உன் அப்பா உனக்கு என்ன சொன்னாரோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் பாதியில் அப்பா நன்றாகப் பாடினார். வரவுப் பாட்டில் முடி சரிந்தது, ஆனால் மன்னர் மாதிரியே சரி செய்தார். உன் அப்பா மேடைக்குக் கீழே, தாளத்தோடு, கழுத்தை நிமிர்த்தி நின்றார். பஞ்சக் காட்சி வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் தமிழ் உணர்ச்சி என்று நினைத்திருப்பார்.

அப்பா பானையைத் தூக்கினார். 'வெறும் பானை காணீரோ' வரைக்கும் வந்தார். நின்றார்.

அவருடைய கண் இடமிருந்து வலமாகப் போனது. பிறகு திரும்பவும் இடமிருந்து வலமாக. மத்தளம் காத்துக்கொண்டிருந்தது. உன் அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்துக் கீழிருந்து, "மந்திரியே, மந்திரியே" என்று எடுத்துக் கொடுத்தார். அப்பா 'வெறும் பானை காணீரோ' என்று திரும்பவும் பாடினார். மூன்றாம் தரமும் பாடினார். ஒவ்வொரு தரமும் குரல் வேறு மாதிரி இருந்தது. முன்வரிசையில் அக்னெஸ் ரீச்சர் கண்ணைத் துடைத்தார்.

பிறகு மன்னர் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து படியால் இறங்கினார்.

ஏட்டில் அப்படி இல்லை. சனத்துக்கு அது தெரியாது. பஞ்சத்தில் மன்னர் குடிமக்களிடம் வருகிறார் என்று நினைத்து எழும்பி நின்று தட்டினார்கள். நீ கேட்டது அந்தக் கைதட்டல்.

நான் நான்காம் வரிசை, எல்லாம் கேட்டது.

"என்ன றெனோல்ட் செய்யிறாய்? ஏறு மேல."

"ஏறேலாது அண்ணை."

"ஏன் ஏறேலாது?"

"கூட்டக் குறிப்பில இருக்கு" என்று அப்பா பானையின் அடியைத் திருப்பிக் காட்டினார்.

உன் அப்பா வாசித்தார். தாளம் நின்றது. முப்பது வருடத்தில் முதல் தரமாம், அருளப்பு அங்கிள் சொன்னார். உன் அப்பா என்னைத் தேடினார். நான் கதிரைக்குக் கீழே போகப் பார்த்தேன், அம்மா கையை விடவில்லை.

பிறகு உன் அப்பாவுக்கு என்ன விளங்கியதோ, தாளத்தையும் திறப்பையும் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். அவருடைய வீடு குற்றமில்லை, அவர் ஏறலாம். இப்போது அண்ணாவியார் மேலே, மன்னர் கீழே. மந்திரியாக நின்ற அருளப்பு அங்கிள் யாரைப் பார்த்து வணங்குவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் வணங்கினார்.

உன் அப்பா மேலே நின்று சனத்தைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு குனிந்து கையை நீட்டினார்.

"ஏறு. ராசா இல்லாமக் கூத்து நடக்காது."

"குறிப்பு?"

"குறிப்பை நான் திருத்துறன். ரீச்சர், வெட்டுங்கோ அதை."

அக்னெஸ் ரீச்சர் முன்வரிசையிலிருந்து, "கூட்டம் கூட்டாம வெட்டேலாது" என்றார். சனம் அதற்கும் தட்டியது. அதுவும் கூத்தில் உள்ள வசனம் என்று நினைத்திருக்கிறார்கள்.

முடிந்த பிறகு உன் அப்பா என்னிடம் வந்தார். சொல்ல வைத்திருந்ததில் "நான்தான் அங்கிள்" மட்டும் வந்தது.

"வாசிச்சனான். இமெல்டாவுக்குக் கழுவ மிச்சம் இருக்கு. வாற ஞாயிறில இருந்து நீயும் போய்க் கழுவு, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "பிள்ளை, அந்த வயிறு உண்மையா அவ்வளவோ?"

நான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

காரில் அப்பா முடியை மடியில் வைத்திருந்தார், அம்மா ஓட்டினார். தம்பி நித்திரை. லாசாலுக்குள் திரும்பியபோதுதான் கேட்டார்.

"அந்தக் கடைசியில ஈட்டியோட நிக்கிறது நான்தானே?"

இமெல்டா, அந்தப் பானையில் தன்னைத் தானே கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஓம் அப்பா."

"எல்லாருக்கும் காது கீறியிருக்கு. எனக்கு மட்டும் ஏன் கீறேல்லை?"

"நீங்கள் தலைக்கவசம் போட்டிருந்தனீங்கள்."

அவர் யோசித்தார். "இனி முடியோட கீறு. முடி போட்டாக் காது வெளியில தெரியும்."

தெருவிளக்கு வந்து வந்து போனது. நான் பின்னாலிருந்து அப்பாவின் காதைப் பார்த்தேன். முதல் தரமாகப் பார்த்தேன். உள்ளே கஜு இல்லை. மேல் ஓரம் கொஞ்சம் தட்டையாக மடிந்திருக்கிறது. கீழே, தொங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பிளவு. அதற்குப் பின்னால் மன்னரின் பவுடர், வியர்வையில் கோடு கோடாக.

இப்போது தொட்டிக்குள் இருந்து அதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறேன். ஏழு தரம் கீறிவிட்டேன். ஏழு தரமும் பாதியில் கை தன்பாட்டில் உன் கஜுவுக்குப் போகிறது. கதவுக்கு வெளியே அப்பா நிற்கிறார், பல்லு மினுக்க வேண்டுமாம், எவ்வளவு நேரம் என்று கேட்கிறார். உள்ளுக்கு வாங்கோ, அசையாம நில்லுங்கோ என்று சொல்லப் போகிறேன்.

வருகிற ஞாயிறு பாத்திரம் கழுவும்போது உன் காதையும் ஒருதரம் பார்க்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு வா.

மெலனி